பம்ப் வாங்கிய மாப்பிள்ளைகளே, கருப்பு ஆயிலுக்குக் கணக்கு எங்கே?



நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கருத்து எழுதுங்கள். கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை எழுதும் பழக்கத்தை எட்டாம் வகுப்பிலேயே விடச் சொன்னேன். பல பேர் இன்னும் விடவில்லை என்பது குழுவைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே சண்டை. என் தங்கை மகன் சின்ன மின்சாரப் பம்ப் ஒன்று வாங்கி, வீட்டு வாசலில் வைத்தே தன் காருக்கு இன்ஜின் ஆயில் மாற்றிப் படம் போட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர், "இன்ஜின் போச்சு", "இன்ஜினியரிங் படிச்சுட்டு மெக்கானிக் வேலையா?", "ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இந்தக் கூத்தா?" என்று ஆரம்பித்தார்கள். கடைசியில், "வாத்தியார் என்ன சொல்றார்?" என்று என்னை இழுத்துவிட்டார்கள்.

சொல்கிறேன். இரண்டு கட்சிக்கும் பிடிக்காது.

பம்ப் நல்ல கருவி. வீட்டில் ஆயில் மாற்றுவது கேவலமும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் வெளியே எடுக்கிற பழைய ஆயிலை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யாமல் பம்பின் சுவிட்சைப் போடுகிறவருக்கு அந்த வேலையைச் செய்யும் தகுதி கிடையாது. அந்தப் படத்தின் கீழே அத்தனை கருத்துகள் வந்தன. "அந்த ஆயில் எங்கே போச்சு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கோபம் அதுதான்.

நான் போன் போட்டுக் கேட்டேன். "வீட்டுக்குப் பின்னால காலி சைட்ல ஊத்திட்டேன் மாமா. மண்ணு குடிச்சிருச்சு" என்றார். (அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை.)

மண் குடித்துவிட்டதாம். மண் குடித்ததை அடுத்து யார் குடிப்பார்கள்?

அதற்கு வருகிறேன். முதலில் பம்பை எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர்கள் சொல்கிற காரணங்களில் பெரும்பாலானவை காரணங்களே இல்லை.

தெரியாதவர்களுக்கு: இது கையடக்கமான 12 வோல்ட் பம்ப். ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு கிளிப்பையும் காரின் பேட்டரியில் மாட்ட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய டியூபை அடிவரை இறக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் அடியில் இருக்கும் பழைய ஆயில் மேலே ஏறி, இன்னொரு டியூப் வழியாக டப்பாவில் விழும். வண்டிக்கு அடியில் போக வேண்டாம், டிரெயின் நட்டைக் கழற்ற வேண்டாம்.

முதல் குற்றச்சாட்டு: "மேலே இருந்து உறிஞ்சினால் இன்ஜின் கெட்டுவிடும்."

எப்படிக் கெடும்? யாராவது ஒரு வரி விளக்கம் எழுதினீர்களா? ஏழாம் வகுப்பில் டம்ளரில் தண்ணீர் நிரப்பி, அட்டையை மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? காற்றுக்கு அழுத்தம் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. இங்கேயும் அதே பாடம்தான். பம்ப் டியூபுக்குள் இருக்கும் காற்றைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்று ஆயிலை டியூபுக்குள் தள்ளுகிறது. இதில் இன்ஜினுக்கு என்ன நோவு?

படகுகளில் இன்ஜின் அடித்தளத்தில் நெருக்கி உட்கார்ந்திருக்கும். அடியில் கைவிட்டு நட்டைக் கழற்ற இடமே இருக்காது. அங்கே காலங்காலமாக இப்படி மேல்வழியாகத்தான் ஆயில் எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் வந்த ஸ்மார்ட் என்ற குட்டிக் காரின் முதல் தலைமுறையில் டிரெயின் நட்டே கிடையாது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் பழக்கமில்லை என்பதால் மட்டும் ஒரு முறை தவறாகிவிடாது.

இரண்டாவது: "பழைய ஆயில் மிச்சம் நின்றுவிடும்."

இது நியாயமான சந்தேகம். பதில், ஆமாம், கொஞ்சம் நிற்கும். ஆனால் அடியில் நட்டைக் கழற்றி வடித்தாலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது. இன்ஜினின் மேல் பகுதியிலும் உள் துவாரங்களிலும் ஒட்டியிருப்பது எந்த முறையிலும் முழுதாக வராது. கேள்வி, எவ்வளவு நிற்கிறது என்பது. அதற்கு வாதம் எதற்கு? அளந்து பாருங்கள்! சின்னக் கார்களுக்குச் சுமார் மூன்று லிட்டர் ஆயில் பிடிக்கும். சரியான அளவு உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. ஃபில்டரில் தங்குவதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். அரை லிட்டர் குறைகிறதென்றால் டியூப் அடியைத் தொடவில்லை என்று அர்த்தம். சில வண்டிகளில் குச்சி போகும் குழாய் அடிவரை வழிவிடாது. அந்த வண்டிக்கு இந்த முறை உதவாது, பட்டறைக்குப் போங்கள். தீர்ந்தது.

மிச்சம் நிற்கும் என்று தெரிந்தவர்கள் புது ஆயிலை ஊற்றும்போதும் அதை மறக்கக் கூடாது. மொத்த அளவையும் ஒரேயடியாகக் கவிழ்த்தால் மேல்கோட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை உயவு தராது. கொஞ்சம் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்துக் குச்சியைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

மூன்றாவது: "அடியில் தங்கிய கசடு வராது."

வேளாவேளைக்கு ஆயில் மாற்றும் வண்டியில் கசடு படிவதே குறைவு. ஆயிலில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் கரியைப் படியவிடாமல் மிதக்க வைத்துச் சுமக்கின்றன. ஆயில் கருப்பாவது அதனால்தான். கருத்த ஆயில் தன் கடமையைச் செய்திருக்கிறது என்று பொருள். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டுக் கசடு கெட்டியாகிப்போன வண்டிக்கு, நட்டைக் கழற்றினாலும் அது முழுதாக வந்து விழப்போவதில்லை.

ஆனால் எதிர்க் கட்சியிடம் உண்மையான வாதம் ஒன்று இருக்கிறது. அதை அவர்களே எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பட்டறையில் வண்டியைத் தூக்கும்போது மெக்கானிக் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா, ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று அவர் கண்ணில் படும். பம்ப் வைத்து வாசலில் வேலையை முடிப்பவர் அதை இழக்கிறார். ஆகவே மூன்று முறைக்கு ஒரு முறையாவது பட்டறையில் தூக்கி, நட்டைக் கழற்றி வடித்து, அடியையும் பார்த்துவிடுங்கள். வாரண்டி முடியாத வண்டியில் வீட்டில் கை வைக்கவே வேண்டாம்.

நான்காவது குற்றச்சாட்டுதான் எனக்கு வலித்தது. "படித்தவன் செய்கிற வேலையா?"

இதை எழுதியவரும் என்னிடம் படித்தவர்தான். தம்பி, உனக்கு நான் நெம்புகோலும் கப்பியும் பாடம் நடத்தியது பரீட்சையில் பத்து மதிப்பெண் வாங்க மட்டுமா? உன் வீட்டுப் பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு அதைத் தொடுவது படிப்பின் பயன். தொட மாட்டேன் என்று தள்ளி நிற்பதற்குப் பெயர் கௌரவம் இல்லை, சோம்பல். "அப்போ பட்டறைக்காரர் பிழைப்பு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் மாணவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் ஆயில் ஊற்றியா பிழைக்கிறார்கள்? சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் கைகள் அவை. விவரம் தெரிந்த வாடிக்கையாளரைப் பார்த்து நல்ல மெக்கானிக் பயப்பட மாட்டார்.

ஓசூரிலிருந்து ஒரு மாணவி, "சார், நான் செய்யலாமா?" என்று கேட்டிருந்தார். தாராளமாகச் செய்யம்மா. பம்பின் பெரிய நன்மையே வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை என்பதுதான். டிக்கியில் கொடுத்திருக்கும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உடல் நடுங்குகிறது. வண்டி நழுவிப் போன உயிர்களைப் பற்றி நாளிதழில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆயில் செலவை மிச்சம் பிடிக்க யாரும் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

செய்வதானால் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூடு ஏற ஏற ஆயில் இளகும். 5டபிள்யூ-30 ரக ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஐந்தாறு மடங்கு இளகியிருக்கும். டியூபோ மெல்லியது. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும் என்று ப்ளஸ் ஒன் இயற்பியலில் புவாசேய் விதி படித்திருப்பீர்கள். குளிர்ந்த ஆயிலை மெல்லிய டியூபில் இழுக்கச் சொன்னால் பம்ப் மூச்சுத் திணறும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம். கையும் வேகும், டியூபும் இளகும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவிட்டு ஆரம்பியுங்கள்.

2. பம்ப் வெறும் காற்றை இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். உலர்ந்து ஓடினால் தேய்ந்துபோகும்.

3. இதே பம்பை வைத்துப் பெட்ரோல் எடுக்காதீர்கள். எந்தச் சூழ்நிலையிலும் எடுக்காதீர்கள். மோட்டாரில் தீப்பொறி வரும், பெட்ரோல் ஆவி சும்மா இருக்காது. "ரெண்டும் எண்ணெய்தானே" என்று சொல்பவர் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

4. ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஃபில்டரை விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது போல.

பைக்குக்கு இந்தப் பம்ப் தேவையில்லை. ஒரு லிட்டர் சமாச்சாரம். நட்டு கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது.

இத்தனை நேரம் என்னோடு சேர்ந்து தலையாட்டிய பம்ப் கட்சிக்காரர்களே, இப்போது உங்கள் முறை.

"சுத்தமான வேலை, ஒரு சொட்டுச் சிந்தாது, இருபது நிமிடம்" என்று பெருமையாக எழுதினீர்கள். உங்கள் கை சுத்தம்தான். ஊர் சுத்தமா? படம் போட்டவர்களிடமெல்லாம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சாக்கடையில் ஊற்றினார். "கொசு சாகும் சார்" என்றார். ஒருவர் வேலிக் கம்பத்துக்குப் பூசினாராம், கரையான் வராதாம். ஒருவர் டப்பாவைக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். ஒருவர் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்தார். நம் மாப்பிள்ளை மண்ணுக்குக் குடிக்கக் கொடுத்தார். ஒருவராவது முறையாக மறுசுத்திகரிப்புக்குக் கொடுத்தாரா என்றால், இல்லை.

அந்தக் கருப்பில் என்ன இருக்கிறது தெரியுமா? இன்ஜின் தேய்ந்து விழுந்த இரும்பு, செம்பு, அலுமினியத் துகள்கள். ஆயிலில் சேர்த்த துத்தநாகச் சேர்மங்கள். எரிந்தும் எரியாமலும் இறங்கிய எரிபொருளிலிருந்து வந்த, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்கள். பயன்படுத்திய ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து பூசிப் பார்த்த சோதனைகளில் தோல் புற்றுநோய் வந்தது. கனிம எண்ணெயின் கதை அதற்கும் பழையது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின் எண்ணெய் தெறித்துத் தெறித்து ஊறிய உடையோடு வேலை செய்தவர்களுக்குப் புற்றுநோய் வந்து, அதற்கு நூற்பாளர் பெயரே வைத்தார்கள். எனவே கையுறை போடுங்கள். ஆயில் துடைத்த துணியைக் கால்சட்டைப் பையில் செருகாதீர்கள். பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கும்தான் சொல்கிறேன். வேலைக்கு வரும் பையன்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். பெட்ரோலில் கை கழுவ விடாதீர்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரு முறை ஆயில் மாற்றும்போது வெளியேறும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும். அவர்கள் கேலன் கணக்கில் அது சுமார் 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் நிரப்பினால் முந்நூறு லாரிக்கு மேல் வரும். கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு நாம் எத்தனை போன் போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

"மண்ணில்தானே ஊற்றினேன்" என்கிறவர்களுக்கு: நாமக்கல் பக்கம் நம்முடையது பாறைப் பூமி. பாறை வெடிப்புகளில் தேங்கும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரைத்தான் போர் போட்டு எடுக்கிறோம். போர் போடும் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்புகிற திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணில் ஊற்றிய ஆயில் அன்றைக்கே கிணற்றுக்கு வந்துவிடாது. மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நகரும். நாம் மறந்த பிறகும் அது நகர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றை யோசித்தீர்களா? 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் கார் நிற்கும் வாசலில் விழும் மழைநீரும் அந்தக் குழிக்குத்தான் போகிறது. நிலத்தடி நீரைப் பெருக்கத் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆயில் மாற்றுகிறோம். சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். நம் வீட்டு போரிலேயே நாம் விஷம் கலப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறதா? சிந்தினால் மரத்தூளோ மணலோ போட்டு அள்ளுங்கள். தண்ணீர் விடாதீர்கள்.

"சூளைக்குக் கொடுத்தால் எரிந்து போய்விடுமே" என்கிறார்கள். எண்ணெய் எரியும். உலோகம் எங்கே போகும்? புகையோடு போய் நம் நுரையீரலில் உட்காரும், இல்லையென்றால் சாம்பலில் கிடக்கும். கொசுவுக்கு என்று சாக்கடையில் ஊற்றுகிறவர்களே, அந்தச் சாக்கடை ஏரிக்குப் போகிறது. தண்ணீர்மேல் படரும் ஆயில் படலம் காற்றை உள்ளே விடாது. கொசுப்புழுவோடு மீனுக்கும் மூச்சு முட்டும்.

"பட்டறையில் விட்டால் மட்டும் என்ன வாழ்கிறது? அவர்களும் யாருக்கோ விற்கிறார்கள்" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் அடுத்தவர் தவறு நமக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பட்டறையில் ஒரு பீப்பாய் நிரம்பினால் அதைத் தேடி வர ஆள் இருக்கிறது. கண்காணிக்க வழி இருக்கிறது. ஆயிரம் வீட்டு வாசலில் மூன்று மூன்று லிட்டராகச் சிதறினால் யார் தேடுவார், யார் கண்காணிப்பார்? வீட்டுக்கு வேலையைக் கொண்டுவந்தவர், வேலையோடு ஒட்டிய பொறுப்பையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயில் அடங்கும். அதை எடுத்து மறுசுத்திகரிப்பு செய்ய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. ஆயில் அழுக்காகிறதே தவிர, அடிப்படை எண்ணெய் செத்துப்போவதில்லை. நீரையும் கசடையும் பிரித்து வடித்தெடுத்தால் மறுபடியும் இன்ஜினுக்கு ஊற்றும் தரத்துக்கு அதைக் கொண்டுவரலாம். நாம் வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கும் கச்சா எண்ணெயிலிருந்து வந்த பொருளைத்தான் காலி மனையில் கொட்டிவிட்டு, "மண்ணு குடிச்சிருச்சு" என்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய வேலை ஒன்றுமில்லை.

பழைய ஆயிலை மூடி இறுக்கமான டப்பாவில் எடுங்கள். அதில் தண்ணீர், கூலண்ட், பெட்ரோல் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் சுத்திகரிப்பவர் வாங்க மாட்டார். வெளியே "பழைய ஆயில்" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். புது ஆயில் வந்த டப்பாக்களில் மிஞ்சுவதைக் கிழித்துப் போடுங்கள். முழுதாகப் போட்டால் போலி ஆயில் நிரப்பி உங்களுக்கே விற்பார்கள். பிறகு, பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து அனுமதி பெற்றவருக்குக் கொடுக்கும் பட்டறை எது என்று கேட்டு அங்கே ஒப்படையுங்கள். "யாருக்குக் கொடுக்கறீங்க?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, இது உங்களுக்கு. வீட்டில் ஆயில் மாற்றுகிறவர் டப்பாவோடு வந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பீப்பாய் எங்கே போகிறது என்று நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கத் தயாராக இருப்பவர்கள் கீழே உங்கள் ஊர் பெயரை மட்டும் எழுதுங்கள். ஊர்வாரியாகப் பட்டியல் போட்டு இரண்டு குழுவிலும் நானே ஒட்டிவைக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

இனிமேல் நம் குழுவில் ஒரே ஒரு விதி. பம்ப் வைத்து ஆயில் மாற்றினேன் என்று படம் போடுகிறவர், பழைய ஆயில் டப்பாவை ஒப்படைத்த படத்தையும் சேர்த்துப் போட வேண்டும். முதல் படம் மட்டும் வந்தால் நான் விருப்பக்குறி போட மாட்டேன். "மீதி வீட்டுப்பாடம் எங்கே?" என்றுதான் கேட்பேன்.

மாப்பிள்ளை, உங்களுக்கு நேராகவே ஒரு வார்த்தை. அந்தக் காலி மனையில் ஆயில் ஊறிய மண்ணை மழை வருவதற்குள் தோண்டிச் சாக்கில் கட்டி வையுங்கள். அடுத்த மழைக்கு அது பக்கத்து வீட்டு போருக்கு நகர ஆரம்பித்துவிடும். சாக்கை எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் சேர்ந்தே போய்க் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு நானும் வருகிறேன்.

மறுப்பவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள். திட்டுவதானாலும் பிழையில்லாத தமிழில் திட்டுங்கள். ஒற்றுப்பிழைக்கு இன்னும் மதிப்பெண் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்